வர வேண்டாம் என்று சொன்னது நான்தான்

தம்பிக்கு,

இதைக் கடையிலிருந்து எழுதுகிறேன். கையால் எழுதி, கடைப் போனில் படம் பிடித்து அனுப்பப் போகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். கடையில் ஆள் வந்து போய்க்கொண்டிருக்கும், இவ்வளவையும் கதைக்க முடியாது. வீட்டில் போன் அடித்தால் அம்மாதான் பாய்ந்து எடுப்பாள், எடுத்த கையோடு ஸ்பீக்கரில் போடுவாள். என்னுடைய போன் என் சட்டைப் பைக்குள் இருந்த நேரத்தைவிட அவள் கையில் இருந்த நேரம்தான் அதிகம். இதில் இருப்பதை அவள் ஒரு வரிகூடக் காணக்கூடாது. வாசித்து முடித்ததும் அழித்துவிடு. தர்சினி வாசிக்கட்டும். உன் மனைவி உன்னைவிட நிதானக்காரி.

செவ்வாய்க்கிழமை நீ என்னோடு கோபித்துக்கொண்டு போனை வைத்தாய். அதற்கு நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. "விசா போனா போகட்டும் அப்பா, நான் வாறன், டிக்கெற் பிடிச்சு வச்சிருக்கிறன்" என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அந்த டிக்கெற்றை விட்டுவிடு. நீ வர வேண்டாம். செவ்வாய்க்கிழமை சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். ஆனால் அன்றைக்குச் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நீ என்னையும் புரிந்துகொள்ளமாட்டாய், வீட்டுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் குழப்பியும் விடுவாய்.

முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன். உனக்கு ஆளுக்கொரு துண்டாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அம்மா வெள்ளவத்தை மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றவள், அப்படியே கூடைகளுக்கு நடுவில் குந்தி இருந்துவிட்டாள். விழவில்லை, இருந்தாள். மரக்கறிக்காரன் தண்ணீர் கொடுத்து, ஓட்டோவில் ஏற்றி, கடைக்குப் போன் எடுத்தான். அதன் பிறகு எடுத்த சோதனைகளில் இதயத்து வால்வு ஒன்று பழுதென்று தெரிந்தது. திறந்து மாற்ற வேண்டும், நாள் தள்ளக் கூடாது என்றார் டொக்டர். அவர் படம் கீறி விளங்கப்படுத்திக்கொண்டிருக்க அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "இவர் இவ்வளவு காலமும் வால்வுதான் விக்கிறார் டொக்டர், கடையில நல்லதா ஒண்டு இருக்கும்" என்றாள். டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பைப்பும் வால்வும் தண்ணீர்க் குழாயும் விற்று உன்னைப் படிக்கவைத்தவன் நான். எந்த வால்வு எத்தனை வருசம் நிற்கும் என்று கையில் தூக்கிப் பார்த்தே சொல்லுவேன். அந்த அறையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒப்பரேசனுக்கு அவள் முதலில் சரியென்றுதான் சொன்னாள். கையெழுத்து வைக்கும் நேரம் வந்ததும், "தம்பி வந்து நிக்கட்டும், பிறகு போறன்" என்றாள். நான் உன் நிலைமையைச் சொன்னேன். லண்டனில் நிரந்தரமாக இருப்பதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், முடிவு வருமுன் அந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டால் விண்ணப்பத்தை அவனே வேண்டாமென்று விட்டதாகக் கணக்கெடுப்பார்கள், தர்சினியின் விசாவும் குழந்தையின் விசாவும் அவனுடையதில்தான் தொங்குகின்றன என்று எல்லாம் விளங்கப்படுத்தினேன். தலையை ஆட்டிக் கேட்டாள். "அப்ப விசா வரட்டும். நான் அவசரப்படேல்லை" என்றாள். எப்போது வரும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. யாருக்குத் தெரியும் என்பதும் தெரியாது.

தம்பி, நான் இந்த ஊரில் எந்த அரசாங்கக் கந்தோரிலும் வாசலில் நின்று திரும்பியவன் இல்லை. நான் சரக்கு எடுப்பிக்கிற ஆளின் மைத்துனர் ஒருவர் எங்காவது ஒரு மேசையில் இருப்பார். உனக்குப் பள்ளிக்கூடம் எடுத்ததும் அப்படித்தான், வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு எடுத்ததும் அப்படித்தான். இந்த விசயத்திலும் வழக்கம்போலவே வெளிக்கிட்டேன். மருதானையில் என்னிடம் சாமான் எடுக்கும் ஒருவரின் மருமகன் லண்டனில் லோயர். நம்பர் வாங்கி எடுத்தேன். நல்ல பிள்ளை, மரியாதையாகக் கதைத்தான். "அங்கிள், இதில ஒண்டும் செய்யேலாது. காத்திருக்க வேணும்" என்றான். ஃபைலைப் பார்க்கிற ஆள் யார் என்று கேட்டேன். தெரியாது என்றான். அவருக்கு மேலே ஒருவர் இருப்பாரே என்றேன். "அங்கிள், அங்கே ஆள் எண்டு ஒருத்தர் இல்லை. எல்லாம் கொம்பியூட்டருக்குள்ள போகும், ஒரு நாள் ஈமெயில் வரும், அவ்வளவுதான்" என்றான். பிறகு கொட்டாஞ்சேனையில் ஒருவன் தனக்கு உள்ளே ஆள் இருக்கிறது, செய்து தருவேன் என்று வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் கள்ளச் சாமான் என்று விளங்கிவிட்டது. இருந்தும் அவனைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்து முழுதாகக் கேட்டேன். ஏமாற்றுக்காரன் என்று தெரிந்தும் ஒருவன் கதையைக் கடைசிவரை கேட்டது அன்றைக்குத்தான்.

உனக்கு ஒரு கதை சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கும். நான் கொட்டாஞ்சேனையில் அறை எடுத்து இருந்த காலம். பிரச்சினை நாட்கள், யுத்த காலம். எங்கே இருக்கிறாய், யார் வீட்டில் இருக்கிறாய், எதற்காகக் கொழும்பில் இருக்கிறாய் என்று தமிழரைப் பொலிஸார் எந்த நேரமும் கேட்பார்கள். சொந்த நாட்டிலேயே வந்தேறிபோலத்தான் இருந்தேன். ஒரு முறை பொலிஸ் நிலையத்தில் வாங்குப் பலகையில் இருத்திவிட்டார்கள். எனக்கு அப்போது சிங்களம் சரியாக வராது. பக்கத்துக் கடை ஹனீபா நானா எப்படியோ கேள்விப்பட்டு, கடையைப் பாதியில் பூட்டிக்கொண்டு வந்தார். பெரிய விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "மே அப்பே மினிஹெக், மஹத்தயா" என்றார். இது எங்கள் ஆள் ஐயா என்று அர்த்தம். அவ்வளவுதான். நான் எழும்பி அவருக்குப் பின்னால் நடந்து வந்தேன். அன்றிலிருந்து நான் வியாபாரம் செய்தது பைப்பில் இல்லை, அந்த ஒரு வசனத்தில்தான். எனக்காக அதைச் சொல்ல ஆட்களைச் சேர்த்தேன், மற்றவர்களுக்காக நானும் போய்ச் சொன்னேன். நீ எங்கே போனாலும் உனக்காக அதைச் சொல்ல ஒருவர் இருப்பார், இல்லாவிட்டால் நான் பிடித்துத் தருவேன் என்று நம்பித்தான் உன்னை விமானம் ஏற்றினேன்.

அந்த நம்பிக்கை உன் வீட்டுக்கு வந்து நின்றபோதே பாதி போய்விட்டது. குழந்தை பிறந்த நேரம் நானும் அம்மாவும் வந்தோமே. குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நீ கீழே வாளி வைத்திருந்தாய். வாசர் ஒன்று மாற்றினால் போதும், தேத்தண்ணி ஆறுவதற்குள் செய்துவிடுவேன், ஒரு ஸ்பனர் தா என்றேன். "அப்பா கை வைக்காதையுங்கோ. வாடகை வீடு. ஏஜென்சிக்கு எழுதியிருக்கிறன், அவைதான் ஆள் அனுப்ப வேணும்" என்றாய். நாங்கள் திரும்பி வரும்வரை ஆள் வரவில்லை. பைப் கடைக்காரனின் மகன் வீட்டில் வாளி நிரம்ப நிரம்ப எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரிப்பாள்.

இன்னொன்றும் அங்கே பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல். விடியக் காலை நீ காதில் போனை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றாய். போனுக்குள் பாட்டுச் சத்தம் கேட்டது. யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டேன். "ஒருத்தரோடையும் இல்லை அப்பா. டொக்டருக்குப் போன் வரிசையில நிக்கிறன்" என்றாய். நான் வரிசை என்றால் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துப் பழகினவன். அவனோடு கதை கொடுக்கலாம், அவசரம் என்று கெஞ்சலாம், கொஞ்சம் தள்ளியும் பார்க்கலாம். உன்னுடைய வரிசையில் முதுகு இல்லை. பாட்டுத்தான் இருந்தது. தோளில் குழந்தையைப் போட்டுத் தட்டிக்கொண்டு நீ நின்றாய், உனக்குப் பக்கத்தில் நான் நின்றேன். நான் அங்கே செய்யக்கூடியதாக இருந்தது அது மட்டும்தான். இங்கே திரும்பி வந்த பிறகு, நீ போனில் "எல்லாம் சரி அப்பா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டுத்தான் கேட்கும். கார் ஓட்டுகிற பரீட்சையில் திரும்பத் திரும்ப விழுத்தினார்கள் என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். காலி வீதியில் தனியார் பஸ்களுக்கு நடுவில் ஓட்டினவனுக்கு ஓட்டத் தெரியாதாம் என்று நானும் சிரித்தேன். வீடு மாறினாய், வேலை மாறினாய், ஒவ்வொரு மாற்றத்துக்கும் விசாவைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். ஒவ்வொன்றிலும் நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்றுகூட அங்கே செல்லுபடியாகவில்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அப்படிக் கதைத்தேன். நீ சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோசம். அதை மறைத்து என்ன. மகன் எல்லாவற்றையும் உதறிவிட்டு வருகிறேன் என்கிறான், எந்தத் தகப்பனுக்கு மனம் குளிராது? பிறகு உன் வீட்டு ஜன்னல் ஞாபகம் வந்தது. நீ இங்கே வந்து இறங்கினால் அங்கே திரும்பிப் போக வழியில்லாமல் போகலாம். தர்சினி கைக்குழந்தையோடு தனியே நின்று வீட்டைக் காலி செய்வாள். இத்தனை வருசமும் நீ நின்ற வரிசை எல்லாம் ஒன்றுமில்லாமல் போகும். அம்மா கண் விழித்து, தன்னாலேதான் இது நடந்தது என்று அறிந்தால், மாற்றின வால்வு இருந்தும் பயன் இல்லை. நான் "வராதை, வந்து என்ன கிழிக்கப் போறாய், நீ டொக்டரே?" என்று கேட்டேன். வேறு வார்த்தை கிடைத்திருக்கலாம். கிடைக்கவில்லை. "நீங்கள் எப்பவும் யாவாரக் கண்ணாலதான் பாப்பியள்" என்று சொல்லி நீ வைத்துவிட்டாய்.

இனித்தான் உனக்குத் தெரியாதது. அன்றைக்கே கடையைப் பூட்டி வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். மகன் வர முடியாமல் இருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தாயிற்று, அவள் காத்திருப்பேன் என்கிறாள். டொக்டர் காத்திருக்கக் கூடாது என்கிறார். மகனுக்கு வர விருப்பமில்லை என்று சொல்லலாம், அதைச் சொன்னால் ஒப்பரேசன் தேவைப்படாது, அங்கேயே முடிந்துவிடுவாள். என்னிடம் மிஞ்சி இருந்தது ஒரே ஒரு சரக்கு. என்னைப் பற்றி அவள் மனதில் வைத்திருக்கிற பெயர். அவளுடைய தங்கையின் கலியாணத்துக்கு நான் தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்த கதையை நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய். லொறியில் பைப் இறக்கிக்கொண்டிருந்தேன் என்பதை அவள் வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லுவாள். யாவாரத்துக்காக நான் எதையும் விட்டுவிடுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

அவள் சமையலறையில் கதிரை போட்டு இருந்துகொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"இஞ்சாரும். தம்பியின்ர விசா அலுவல் எல்லாம் எப்பவோ சரி. அவன் வாறன் எண்டுதான் நிண்டவன். நான்தான் வர வேண்டாமெண்டு சொன்னனான்."

கீரையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னனீங்கள்?"

"இது இப்ப எல்லாரும் செய்யிற ஒப்பரேசன். அதுக்கு ஒருத்தன் வேலையை விட்டிட்டு, டிக்கெற் காசைக் கொட்டி வர வேணுமே? அவன் வந்தா நானும் கடையைப் பூட்டிப்போட்டு அவனோட திரிய வேணும். வருச முடிவில வரட்டும், ஆறுதலா நிண்டிட்டுப் போகலாம்."

"அப்ப இவ்வளவு நாளும் விசா விசா எண்டது?"

"உமக்குக் கோபம் வரும் எண்டு சொன்னது."

கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "பெத்த பிள்ளையையும் சாமான் மாதிரித்தான் நிறுத்துப் பாப்பீங்கள் என்ன" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "எப்ப தேதி எண்டு கேளுங்கோ டொக்டரை. உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு இந்த வீட்டில காத்திருக்கிறதைவிட உள்ள போய்ப் படுக்கிறது மேல்" என்றாள். அடுத்த நாளே கையெழுத்து வைத்தாள். பேனையை நான் நீட்ட, அவள் தாதியிடம் இருந்து வேறு பேனை வாங்கி வைத்தாள்.

அன்றிலிருந்து என்னோடு கதையில்லை. சாப்பாடு மேசைக்கு வரும், மூடி வைத்திருக்கும். கறிக்கு உப்புக் காணாது என்றால் சுவரைப் பார்த்து, "வேணுமெண்டா போடலாம்" என்பாள். நீ கோபத்தில் வீட்டுக்கும் போன் எடுக்காமல் இருக்கிறாயா, அது எனக்குப் பெரிய சாட்சியாகப் போய்விட்டது. "பிள்ளைக்கும் மனம் வெறுத்திட்டுது, எடுக்கிறானில்லை" என்று பக்கத்து ஃபிளாட்காரியிடம் சொல்வதைக் கேட்டேன். ஒன்று சொல்கிறேன், கேள். அவள் முன்னையைவிடத் தெம்பாக இருக்கிறாள். கோபம் அவளை எழுப்பி வைத்திருக்கிறது. மாத்திரை நேரத்துக்குப் போடுகிறாள், என்னிடம் கேட்கக்கூடாது என்பதற்காகவே.

ஹனீபா நானாவிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, இருந்தும் நாள்தோறும் கடைக்கு வந்து வாசலில் கதிரை போட்டு இருக்கிறார். முழுவதும் கேட்டுவிட்டு, "ஊட்டுக்காரிட ஏச்சுக்குப் பயந்து பொய் செல்ற யாவாரிமாரைத்தான் நான் கண்டீக்கிறன். ஏச்சு வாங்கோணும் எண்டே பொய் சென்ன மொத ஆள் நீங்கதான் மொதலாளி" என்றார். சிரித்தோம். பிறகு, "ஒப்பரேசன்ல ஏதும் ஆயிட்டா?" என்று கேட்டார். நான் வாடிக்கையாளர் வந்ததுபோல எழும்பிப் போய்விட்டேன். யாரும் வரவில்லை.

உனக்காவது அதற்குப் பதில் சொல்லவேண்டும். ஏதும் ஆகிவிட்டால், அவள் என்னோடு கதையாமலே போயிருப்பாள். அதையும் யோசித்துத்தான் வாயைத் திறந்தேன். நல்ல முடிவா என்று தெரியாது. வேறு ஒன்று என் கையில் இருக்கவில்லை. உன் பங்குக்கு, அம்மாவைப் பார்க்க நான் போகவில்லையே என்று நீ ஆயுளுக்கும் உன்னையே தின்னத் தொடங்குவாய். தொடங்காதே. வர வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதில் பொய் இல்லை, காரணத்தைத்தான் மாற்றியிருக்கிறேன். எவராவது கேட்டாலும், உன் மனமே கேட்டாலும், அப்பா விடவில்லை என்று சொல். உன் மகன் வளர்ந்து கேட்டாலும் அதையே சொல்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். டிக்கெற்றை விடு. வேலைக்குப் போ. விடியக் காலை போனில் வரிசையில் நிற்கும்போது ஏதாவது சாப்பிட்டுவிட்டு நில், வெறும் வயிற்றோடு நிற்காதே. பக்கத்து வீட்டுக் கிழவர் குப்பைத் தொட்டியை உள்ளே எடுத்து வைத்துத் தந்தார் என்றாயே, அவரோடு கதை கொடு. பெயரைக் கேட்டு வை. அந்த நாட்டில் அது எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாது, இருந்தும் கேட்டு வை. அம்மாவிடம் விசா கிடைக்கவில்லை என்று வாய்தவறியும் சொல்லிவிடாதே. நடந்தது எல்லாம் என்னால் என்றே இருக்கட்டும். அவள் எழும்பி நடந்து, மார்க்கெட்டுக்குப் போய், முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிய பிறகு நானே சொல்லிக்கொள்ளுவேன். சொல்லாமல் விட்டாலும் விடுவேன்.

வருகிற வியாழக்கிழமை காலையில் அவளை ஒப்பரேசனுக்கு உள்ளே எடுக்கிறார்கள். புதன்கிழமை பின்னேரம் ஆஸ்பத்திரி அறையில் இருப்போம். நீ அம்மாவின் போனுக்கு எடு. அவள் ஸ்பீக்கரில் போடுவாள். நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். முதலில் அவளோடு நன்றாகக் கதை, குழந்தையைக் காட்டு. பிறகு, அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டு, என்னை ஏசு. மெல்லமாக ஏசினால் நம்பமாட்டாள். அம்மாவைப் பார்க்க விடாமல் தடுத்த மனிசன் என்று ஏசு, காசுப் பேய் என்று ஏசு, செவ்வாய்க்கிழமை சொல்ல நினைத்து அடக்கியது ஏதாவது இருந்தால் அதையும் சொல். நான் பதில் சொல்லமாட்டேன்.

அவள் ஒருவேளை, "காணும், விடு தம்பி, அப்பாவை அப்பிடிக் கதையாதை" என்று சொல்லக்கூடும். சொல்லுவாளா என்று எனக்குத் தெரியாது. சொன்னால் அதோடு நிறுத்திவிடு.

அப்பா